ஒத்துக்காரப் பையன்

ஒருவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று இகழ்வதும், அதிகாரத்தில் இருப்பவரைச் சுற்றி நின்று புகழ்பாடுகிறவனை 'ஜால்ரா போடுகிறான்' என்று நகைப்பதும் நம் பேச்சில் வெகு சாதாரணம். இந்த இரண்டு வசைகளுக்கும் உரிய கருவிகள் ஒரே இடத்தில், கோயில் வாசலில் நின்று வாசித்த பெரிய மேளத்தில் சேர்ந்து ஒலித்தவை என்பதை இப்போது நினைத்துப் பார்ப்பவர் அதிகம் இல்லை. நாயனக்காரருக்குப் பின்னால் நின்று ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருந்தவன் ஒத்துக்காரன். பக்கத்தில் நின்று கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன் தாளக்காரன். பெரும்பாலும் இருவருமே வித்தை கற்க வந்து, இன்னும் வித்தை கைவராத பிள்ளைகள். ஒரு மகத்தான கலையின் மாணவப் பருவத்தை எடுத்து முகஸ்துதிக்குப் பெயராக வைத்துவிட்ட நம் மொழியின்மீது எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

பெரிய மேளம் என்பது நாகசுரமும் தவிலும் சேர்ந்த மேளம். சதிராட்டத்துக்கு உரிய கோஷ்டியைச் சின்ன மேளம் என்று பிரித்துச் சொல்வது பழைய வழக்கு. நாகசுரம் என்பதே முன்னாளில் வழங்கிய பெயர். நாதஸ்வரம் என்பது பின்னால் வந்து நிலைபெற்றது. தஞ்சை ஜில்லாவில் சாமானிய ஜனங்கள் இவ்விரண்டையும் விட்டுவிட்டு 'நாயனம்' என்றே சொல்லிவந்தார்கள். மேளத்தில் நாயனம் ஒன்றோ இரண்டோ, தவில் ஒன்றோ இரண்டோ, அவற்றோடு தாளம் ஒன்று, ஒத்து ஒன்று. ஒத்து பார்வைக்கு நாகசுரத்தைப் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் இல்லை. அடிப்பாகத்தில் சில துளைகள் மட்டும் உண்டு. அவற்றை மெழுகால் வேண்டிய அளவுக்கு அடைத்தோ திறந்தோ சுருதியைச் சரிப்படுத்திக்கொள்வார்கள். சரிப்படுத்திய பிறகு அந்தக் குழலுக்கு ஒரே ஒரு சுரந்தான் தெரியும். அந்த ஒரு சுரத்தை மேளம் தொடங்கிய கணத்திலிருந்து முடிகிற கணம் வரையில் அறுபடாமல் வைத்துக்கொண்டிருப்பதே ஒத்துக்காரனுடைய வேலை.

அறுபடாமல் என்ற சொல்லை வாசகர் இலேசாகக் கடந்து போய்விடக் கூடாது. மனிதன் மூச்சு வாங்கித்தானே ஆக வேண்டும்? ஊதிக்கொண்டிருக்கும்போதே கன்னங்களில் காற்றைத் தேக்கி வைத்து, அந்தத் தேக்கத்தைக் குழலுக்குள் பிழிந்துகொண்டே மூக்கின் வழியாகப் புதிய மூச்சை உள்ளே இழுத்து, இழுத்த மூச்சு வந்து சேர்வதற்கும் கன்னத்துக் காற்று தீர்வதற்கும் நடுவில் கேட்பவர் செவிக்கு ஒரு தையல்கூடத் தெரியாதபடி சேர்த்துவிட வேண்டும். இந்தச் சேர்க்கை பழகாத ஆரம்ப நாட்களில் சுருதி விக்கும். விக்கினால் முன்னால் வாசிக்கும் வித்வான் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது மேளம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு விளங்கும்.

என் பிள்ளைப் பிராயத்தில், எங்கள் ஊர் உற்சவத்தின்போது சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் தீவட்டி வெளிச்சத்தில் நின்ற ஒத்துக்காரப் பையன் ஒருவனை நான் வெகுநேரம் வேடிக்கை பார்த்ததுண்டு. அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வடக்கு வீதி திரும்பும்போது நான் வீட்டுக்குப் போய்ப் படுத்து உறங்கிவிட்டேன். விடியற்காலையில் சுவாமி சந்நிதிக்குத் திரும்பும் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், அவன் அதே கன்னத்தோடு அதே சுரத்தை ஊதிக்கொண்டிருந்தான். இவனுக்கு இது சலிக்காதா என்று அன்று எனக்குத் தோன்றிய கேள்வியை நான் வெகுகாலம் கழித்துத்தான் வேறு விதமாகக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்: அந்த இரவு முழுவதும் அவன் காதில் விழுந்தது என்ன?

அதைச் சொல்வதற்கு முன் அவன் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். நாகசுரம் கற்க வரும் பிள்ளையின் கையில் முதலில் நாகசுரத்தைக் கொடுத்துவிடமாட்டார்கள். வாய்ப்பாட்டுத்தான் முதல் சிட்சை. மாயாமாளவகௌளையில் சரளிவரிசை, ஜண்டைவரிசை, தாட்டுவரிசை, அலங்காரம், பிறகு கீதம், வர்ணம் என்று, புரந்தரதாஸர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் படிகள் எல்லாவற்றையும் தொண்டையில் ஏற்றிக்கொண்ட பின்பே குழல் கைக்கு வரும். வந்தாலும் அது உடனே பேசிவிடாது. குழலின் வாயில் பொருத்தும் சீவாளியை உதட்டில் வைத்து ஊதினால் முதல் நாளில் வருவது காற்று. பிறகு ஓர் அலறல். அந்த அலறலைச் சுரமாக்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நாகசுரத்தின் விரல்துளைகள் ஏழும் ஏழு சுரங்களை அப்படியே கையில் கொடுத்துவிடுவன அல்ல. விரலைப் பாதி எடுப்பதாலும், ஊதும் காற்றைக் கூட்டிக் குறைப்பதாலும், சீவாளியை உதடு பிடிக்கும் பிடியாலும் ஒரே துளையிலிருந்து வெவ்வேறு சுரஸ்தானங்களை வரவழைக்க வேண்டும்; கமகங்களோ அதற்கும் அப்பால். துத்துகாரம், தன்னகாரம், விரலடி என்று நாவுக்கும் விரலுக்கும் தனித்தனியே சாதகம் உண்டு. பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து குழலை எடுத்துவிட வேண்டும் என்பது எல்லாக் குருகுலங்களிலும் பொதுவான விதி. தவில் கற்கும் பிள்ளையின் கதியும் இதுவே: தோலில் கை வைக்குமுன் சொற்கட்டுகளை வாயால் சொல்லிச் சொல்லி, கட்டையில் தட்டித் தட்டி அவன் விரல்கள் காய்த்துப் போயிருக்கும்.

இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குத் தன் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று வராத பிருகா இன்றும் வரவில்லை. போன ஆவணியில் இடறிய இடத்திலேயே இந்த ஆவணியிலும் விரல் இடறுகிறது. உடன் வந்தவன் ஒருவன் கல்யாணக் கச்சேரிக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்றால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட காலத்தை மனிதன் தனியாகக் கழிப்பது மிகக் கடினம். தஞ்சைத் தரணியின் மேளக்காரர்கள் இதை அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, அந்தக் காலத்தைக் கழிப்பதற்கு மேளத்துக்குள்ளேயே ஓர் இடம் வைத்திருந்தார்கள். அதுதான் ஒத்து. வித்தை இன்னும் கைவராதவனையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாமல், அவன் கையில் ஒரு குழலைக் கொடுத்து, சபைக்கு நடுவே, வித்வானுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அவனுடைய ஒற்றைச் சுரம் இல்லாவிட்டால் வித்வானுக்கே ஆதாரம் இல்லை. கற்றுக்கொண்டிருப்பவன் மேளத்துக்குப் பாரமாக இல்லாமல் மேளத்தின் அஸ்திவாரமாக இருந்தான் என்பது அந்தச் சம்பிரதாயத்தின் விசேஷம்.

இனி அவன் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். கோயில் மேளத்துக்குப் பொழுதோடு பிணைந்த ஒரு கிரமம் உண்டு. விடியற்காலைத் திருவனந்தலுக்குப் பூபாளமோ பௌளியோ, உச்சிப் பொழுதுக்கு மத்தியமாவதி, மாலையில் பூர்வகல்யாணி, சங்கராபரணம், கல்யாணி, பள்ளியறைக்கு நீலாம்பரி. கடிகாரம் இல்லாத காலத்திலும் மேளத்தைக் கேட்டே மாட வீதியில் இருப்பவர்களுக்குப் பொழுது தெரிந்துவிடும் என்பார்கள். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. அதிலும் தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று பேதங்கள். புறப்பாடு வீதியில் இறங்கிய பிறகு நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டால், அவர் உண்மையான வித்வானாக இருந்தால், அது எப்போது முடியும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வீதி முழுவதும் ஒரே ராகம். சில சமயங்களில் மூன்று நான்கு மணி நேரம் அந்த ஒன்றே. சபாக்களில் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குள் பத்து உருப்படிகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அதிசயமாகத் தோன்றலாம். ராக ஆலாபனையின் விஸ்தாரம் முழுவதையும் வளர்த்தெடுத்தவர்கள் இந்த வீதிகளில் நடந்த நாகசுரக்காரர்களே என்பது என் துணிபு.

ஒத்துக்காரப் பையன் நின்றது இந்த ராக நதியின் கரையில். வாயைத் திறந்து பேச வழியில்லை, விரலுக்கு வேலை இல்லை, ஓடிப்போக இடமில்லை, செவி ஒன்றுதான் அவனுக்குச் சுதந்திரமாக இருந்தது. ஒரு தோடி எந்தச் சுரத்தில் கதவைத் திறக்கிறது, எங்கே நின்று மூச்சு வாங்குகிறது, மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் எத்தனை முறை போகாமல் திரும்புகிறது என்பதையெல்லாம் அவன் நூறு இரவுகளில் நூறு விதமாகக் கேட்டான். அதுவும் எப்படிக் கேட்டான்? தன் உதட்டில் நிற்கும் ஆதார ஷட்ஜத்தோடு வித்வானுடைய ஒவ்வொரு சுரத்தையும் உரசிப் பார்த்துக் கேட்டான். ஒரு காந்தாரம் இம்மியளவு தாழ்ந்தாலும் அந்த வேறுபாடு அவன் பல்லில் தெரியும். சரளிவரிசையில் ஒன்றும் நகரவில்லையே என்று அவன் அழுதுகொண்டிருந்த அதே வருஷங்களில், அவன் அறியாமலே அவனுடைய காதுக்குள் ஒரு பெரிய சொத்து சேர்ந்துகொண்டிருந்தது. சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு நாள், வித்வான் களைத்துப் போன நேரத்தில், நீ சற்று வாசி என்று குழல் அவன் கைக்கு வரும்போது, எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்காதபடி ராகம் விரலில் இறங்கும்.

எல்லாருக்கும் இறங்கியதா என்றால், இல்லை. இதை மறைத்துவிட்டு எழுதினால் நான் சரித்திரம் எழுதியவன் ஆகமாட்டேன். ஒத்து ஊத வந்து ஒத்தோடே கிழவனானவர்கள் உண்டு. குருவின் வீட்டில் தண்ணீர் இறைத்து, மாடு மேய்த்து, பெட்டி சுமந்து, அடியும் வசவும் வாங்கி, கடைசியில் கைவந்தது என்னவென்று சொல்லத் தெரியாமல் போனவர்கள் உண்டு. திறமை இல்லாதவனை மட்டுமல்ல, திறமை உள்ளவனையும் தனக்கு ஒத்து ஊத ஆள் வேண்டும் என்பதற்காகப் பல வருஷம் பின்னாலேயே நிறுத்திவைத்த குருமார்களும் இருந்திருப்பார்கள். மனித சுபாவம் மேளத்துக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. இத்தனை சாதகம் செய்த மேளக்காரரைச் சட்டை போடாமல் நின்றுகொண்டே வாசிக்கச் சொல்லி, பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்ட காலம் அது. பொறுமையைப் புகழ்கிறவர்கள் அந்தப் பொறுமையிலிருந்து யார் யார் ஆதாயம் பெற்றார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த வாத்தியமே அவசரத்துக்கு உடன்படாத பொருள்களால் ஆனது. ஆடுதுறைக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் ஆசாரிமார்கள் புதிதாக வெட்டிய ஆச்சா மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். இரண்டு மூன்று தலைமுறை ஒரு கூரையைத் தாங்கி ஈரம் முழுவதும் வற்றிய மரமே நாதத்துக்கு ஏற்றது என்பது அவர்கள் கணக்கு. சீவாளியோ காவிரிக் கரை நாணல்; அறுத்து, உலர்த்தி, வேகவைத்து, மறுபடியும் உலர்த்தி, கட்டி முடித்த பின்னும் வித்வானுடைய உதட்டில் சில நாள் கிடந்து பதப்பட்டால்தான் பேசும். அதனால்தான் நாகசுரத்தில் நாலைந்து சீவாளிகள் எப்போதும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்திரங்கள்தான் குறைந்துகொண்டு வருகின்றன.

தாமாக விரும்பிப் பின்வரிசைக்குத் திரும்பிப் போன ஒருவரை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷேக் சின்ன மௌலானா 1924ஆம் ஆண்டு ஆந்திர தேசத்துக் கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தம் பிரதேசத்தில் வித்வானாக வாசித்துக்கொண்டிருந்த அவர், தஞ்சாவூர்ப் பாணியில் நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு மனம் பறிகொடுத்து, தமக்கு வருவதை ஒதுக்கி வைத்துவிட்டு, நாச்சியார்கோவிலுக்கு வந்து ராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை சகோதரர்களிடம் மாணாக்கராக இருந்து அந்தப் பாணியைக் கற்றார். கற்காதவன் காத்திருப்பது ஒரு விதம். கற்றவன் கற்றதை மறந்து காத்திருப்பது வேறு விதம். முன்னவனுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பின்னவனோ, பழைய வழியில் விரல் ஓடத் துடிக்கும்போதெல்லாம் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஊரில் இருந்திருந்தால் இந்நேரம் எத்தனை கச்சேரி என்ற கணக்கு மனத்தில் ஓடும். அவர் அந்தக் கணக்கைப் பொறுத்துக்கொண்டார். பிறகு ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே 1999இல் காலமாகும்வரை வாழ்ந்தார். மறைவதற்கு முந்தின ஆண்டு மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

ஒத்து மறைந்த கதைக்கு வருகிறேன். அது ராஜரத்தினம் பிள்ளையின் கதையும்கூட. 1898இல் பிறந்து, தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் வீட்டுப் பிள்ளையாகி, வாய்ப்பாட்டுப் பயின்ற பிறகே குழலைத் தொட்டு, திருவாவடுதுறை ஆதீன வித்வானாக விளங்கிய அவர், நாகசுரத்தின் நிலையையே மாற்றியவர். சட்டையின்றி நின்று வாசித்த குலத்தில் பிறந்து, கோட்டு அணிந்து, கிராப்பு வைத்துக்கொண்டு, மேடைமேல் உட்கார்ந்து வாசித்தார். உட்கார இடம் தராதவர்களுக்கு அவர் வாசிப்பும் கிடைக்கவில்லை. உச்ச சுருதியில் கூவும் குட்டையான திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, நீண்ட பாரி நாயனத்தை எடுத்து, சுருதியைத் தாழ்த்தி, வீதிக்கென்று பிறந்த வாத்தியத்தைச் சபைக்கும் உரியதாக்கினார். அந்தப் பாரி நாயனத்தில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாத குறையை நீக்கி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஒரு குழலைச் செய்து முடித்தது 1955இல். அதற்கு அடுத்த ஆண்டே பிள்ளை காலமாகிவிட்டார். தாழ்ந்த சுருதிக்கும் மேடைக்கும் ஒத்தின் கூரிய ஓசை பொருந்தவில்லை என்று கருதிப் போலும், ஒத்தை விலக்கிவிட்டுத் தம்புராவைச் சேர்த்துக்கொண்டார். அவர் செய்ததை எல்லாரும் செய்தார்கள். தம்புராவின் இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்தது. துருத்தி வைத்த பெட்டி போய் மின்சாரப் பெட்டி வந்தது. சங்கீதத்தின் கண்கொண்டு பார்த்தால் அவர் செய்ததைக் குறைகூற எனக்கு நாவெழாது. பாரி நாயனத்தில் அவர் தோடியைக் கேட்டவர்கள் ஒத்து எங்கே என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆனாலும் ஏணியின் முதற்படி அன்று கழன்றுவிட்டது. மேல்படிகள் சில காலம் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் நின்று துணை நாயனம் வாசித்தே அந்த மகாவித்வானுடைய வழியைத் தம் வழியாக்கிக்கொண்டார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் பாடகி எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த அவருடைய நாகசுரத்தைக் கேளாத தமிழர் அக்காலத்தில் இல்லை. துணை வாசிப்பது என்பதும் காத்திருக்கும் இடந்தான். ஆயினும் அது ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவனுக்கு உரிய இடம். ஒன்றும் தெரியாத பத்து வயதுப் பையனை அங்கே நிறுத்த முடியாது. அவனுக்கு எஞ்சியது கைத்தாளம் ஒன்றே. அதைத் தட்டிக்கொண்டு காலத்தின் கணக்கைக் கற்கலாம், சுருதியின் கணக்கை அல்ல.

இப்போது பழநி போன்ற தேவஸ்தானங்கள் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப் பள்ளிகள் நடத்துகின்றன. உணவும் உறைவிடமும் தந்து, இன்ன ஆண்டில் இன்ன வர்ணம், இன்ன ஆண்டில் இன்ன கீர்த்தனை என்று பாடத்திட்டம் வகுத்து, பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கின்றன. அடியும் வசவும் தண்ணீர் இறைப்பதும் ஒழிந்தன. எந்தக் குலத்துப் பிள்ளையும் போய்ச் சேரலாம். இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. பாடத்தில் பின்தங்கிய பிள்ளை அங்கே என்ன செய்வான்? விடுதி அறையில் குழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முன்னாளில் அவனைப் போன்றவனுக்கு அன்றிரவே புறப்பாட்டில் ஒரு வேலை இருந்தது.

சென்ற வருஷம் ஒரு கல்யாண வீட்டில், மேளம் ஓய்ந்திருந்த நேரத்தில், வயது முதிர்ந்த நாயனக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒத்தைப் பற்றி விசாரித்தபோது அவர் சிரித்தார். அவர் வீட்டில் ஒன்று இருக்கிறதாம். பரணில், அவர் தகப்பனார் காலத்துப் பெட்டிக்குள். துளைகளில் வைத்த மெழுகு காய்ந்து கல்லாகிப் போயிருப்பதாகவும், அதைச் சுரண்டி எடுத்தால் அவருடைய தகப்பனார் கடைசியாக வைத்த சுருதி போய்விடும் என்பதால் தொடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். அதற்குள் முகூர்த்த நேரம் வந்துவிடவே, அவர் பேரன் சுருதிப்பெட்டியின் விசையைத் தட்டிவிட்டு, மேடை ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையில் இருந்த செல்போனைப் பார்க்கத் தொடங்கினான்.